சைக்கிளும் ஆரம்ப சூரத்தனமும்

பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்று வைராக்கியங்களை நம் முன்னோர் எடுத்துக் காட்டி நகைப்பது வழக்கம். நோவு தணிந்ததும் முதலாவது மறைந்து விடும். பௌராணிகர் ஏட்டைக் கட்டி எழுந்ததும் இரண்டாவது அகன்று விடும். சுடுகாட்டினின்றும் திரும்பித் தலை முழுகியதும் மூன்றாவது நீரோடு போய்விடும். இம்மூன்றோடு நான்காவதாகச் சைக்கிள் வைராக்கியம் என்ற ஒன்றையும் சேர்த்துக் கொள்ள வேண்டுமென்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்துச் சர்க்கரை கூடியிருக்கிறதென்று சொல்லும்போது இது பிறக்கிறது. புது வண்டி வாங்கிய பதினைந்தாம் நாள், சங்கிலியில் துரு ஏறுவதற்கு முன்பாகவே, இது இறக்கிறது.

ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2018ஆம் ஆண்டில் ஜூன் மாதம் 3ஆம் தேதியை உலக சைக்கிள் தினமென்று ஏற்படுத்திற்று. அது முதல் ஆண்டு தோறும் அத்தினத்தில் நம் நகரங்களில் ஊர்வலங்கள் நடைபெறுகின்றன. ஒரே நிறச் சட்டையணிந்து, கொடி கட்டிய வண்டிகளில் ஏறிப் பிரமுகர்கள் அரை பர்லாங்கு தூரம் செல்கின்றனர். புகைப்படம் எடுத்தாகிறது. பின்னர் அவ்வண்டிகள் லாரியில் ஏறுகின்றன, பிரமுகர்கள் மோட்டாரில் ஏறுகின்றனர். இவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. குறை கூறும் யோக்கியதையும் எமக்குச் சில காலம் முன்பு வரை இருந்ததில்லை.

மூன்றாண்டுகட்கு முன்பு வைத்தியர் சொற்படி யாமும் ஒரு வண்டி வாங்கினோம். சாதாரண வண்டியன்று. பல கியர்கள் உள்ளது, விலை மிகுந்தது. அதற்கேற்ற தலைக்கவசமும், கையுறையும், வியர்வையை உறிஞ்சும் சட்டையும் வாங்கப்பட்டன. பதினொரு நாள் அதிகாலையில் எழுந்து எங்கும் செல்லாமல் எங்கோ சென்று திரும்பினோம். பன்னிரண்டாம் நாள் மழை. பதின்மூன்றாம் நாள் வழக்கொன்றின் பொருட்டு வெளியூர்ப் பிரயாணம். பதினைந்தாம் நாள் பார்த்தபோது பின் சக்கரத்தில் காற்றில்லை. வண்டி இருந்ததோ இரண்டாம் மாடியில். பம்ப் இருந்ததோ பக்கத்து வீட்டில். இவ்வாறு ஒரு மகத்தான சங்கற்பம் ஒரு வால்வ் ட்யூபின் பலவீனத்தால் மாண்டது. சில வாரங்களில் அவ்வண்டியின் ஹாண்டில்பார் மீது துண்டுகள் உலரத் தொடங்கின. ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ட்யூபிலிருந்து காற்று மெல்லக் கசிந்து கொண்டேதானிருக்கும் என்னும் எளிய உண்மையை அப்போது யாம் அறியோம். மனிதனுடைய உற்சாகத்திற்கும் இவ்விதியே பொருந்துமென்பதைப் பின்னர் அறிந்தோம்.

அறிவித்தவர் ஒரு பத்திரிகை விநியோகஸ்தர். ஒரு நாள் வெளியூரிலிருந்து விடியற்காலை நாலரை மணிக்குத் திரும்பி வந்து கொண்டிருந்தோம். ஒரு நாற்சந்தியில், மூடிய கடையொன்றின் படியில், தெரு விளக்கின் கீழ்க் கட்டுக் கட்டாகப் பத்திரிகைகளைப் பிரித்து எண்ணிக் கொண்டிருந்தனர் சிலர். அவற்றில் எம்முடைய பத்திரிகையும் இருந்தது. மோட்டாரை நிறுத்தி இறங்கினோம். பையன்களும் பெரியவர்களுமாக ஆறேழு பேர். ஆளுக்கொரு சைக்கிள். காரியரிலும் ஹாண்டில்பாரிலும் பைகள். அவர்களுள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இவ்வேலை என்று வினவினோம். முப்பதுக்கு மேல் என்றார். நாள் தவறாமல் இந்த நேரத்தில் வண்டியேற மனம் எப்படி வருகிறதென்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“மனசைக் கேட்டா யாருங்கய்யா வருவா? பேப்பர் வந்துடுதுல்ல!” என்றார்.

எம்முடைய எழுத்து, யாம் ஓட்ட மனமில்லாது போட்டுவிட்ட அதே சாதனத்தின் மேலேறித்தான் நாள்தோறும் வாசகர் வீட்டு வாசலை அடைகிறதென்பது அன்று வரை எமது புத்தியில் தட்டவில்லை. வெட்கமாயிருந்தது. அவர் சொன்ன விடையோ அதனினும் அதிகமாக எம்மைச் சிந்திக்க வைத்தது. அவர் மனத்தைக் கேட்பதில்லை. பத்திரிகைக் கட்டு வந்து இறங்குகிறது, ஆகையால் அவர் ஏறுகிறார். யாமோ நாள்தோறும் காலையில் மனத்தை விசாரணைக் கூண்டில் நிறுத்தி, போகலாமா வேண்டாமா என்று வாதப் பிரதிவாதங்களைக் கேட்டுத் தீர்ப்பு வழங்கிக் கொண்டிருந்தோம். படுக்கையிற் கிடக்கும் மனம் எந்தக் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறுமென்று சொல்ல வேண்டுவதில்லை.

தேசத் தொண்டில் ஈடுபட்ட வாசகர்களுக்கு இவ்விஷயம் புதிதன்று. நம் தேசிய இயக்கமே இச்சோதனையை ஒரு முறை நடத்திப் பார்த்திருக்கிறது. 1924ஆம் ஆண்டு டிசம்பரில் பெல்காமில் மகாத்மா காந்தியின் தலைமையில் கூடிய காங்கிரஸ், மாதம் 2,000 கஜம் நூல் தருவதே அங்கத்தினர் சந்தா என்று விதித்தது. தாமே நூற்க வேண்டும். நோயாலோ விருப்பமின்மையாலோ நூற்க இயலாதவர் பிறர் நூற்ற நூலைத் தரலாமென்று ஒரு விலக்கும் உடன் வைத்தது. வக்கீல்களாகிய எங்களுக்கு விலக்கு என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா? பிரதான விதி மறந்து போயிற்று, விலக்கே விதியாயிற்று. நூலை விலைக்கு வாங்கிக் கொடுத்தவர் பலர். கொடாமலே நின்றவர் அவரினும் பலர். 1925 செப்டம்பரில் பாட்னாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, நாலணா கொடுத்தாலும் போதுமென்று பழைய வழிக்கே இடந்தர வேண்டியதாயிற்று.

நூற்றவர்கள் எத்தகையவர்? ஆவேசப் பிரசங்கம் கேட்டு அன்றிரவே ராட்டை வாங்கியவர்களிற் பெரும்பாலோர் அல்லர். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் அரைமணி என்று ஒரு வேளையையும் ஓர் இடத்தையும் குறித்துக் கொண்டவர்களே நிலைத்தனர். சிறையில் நூற்றவர்கள் விடுதலையடைந்ததும் விட்டதுண்டு, ஏனெனில் வேளையும் இடமும் மாறிவிட்டன. சைக்கிளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பிறர் நூற்ற நூலை நம் கணக்கில் கட்டுவது போல், பிறர் மிதித்ததை நம் கணக்கில் எழுத இயலாது. இங்கே பிரதிநிதித்துவம் செல்லாது.

இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களும் உளர். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 96 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2010ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஒவ்வொருவரும் உண்பது, பருகுவது, தேகாப்பியாசம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, காலை உணவுக்குப் பின் என்பது போன்ற ஒரு வேளையோடு அதைப் பிணைத்து, 84 நாள் செய்து வந்தனர். யோசனையின்றித் தானே நிகழும் பழக்கமாக அது மாற எத்தனை நாளாயிற்று? நடுத்தரமாகக் கணக்கிட்டால் 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாளே போதுமாயிருந்தது. மற்றொருவருக்கு 254 நாள் வேண்டியிருக்குமென்று கணக்காயிற்று. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியம் விரைவில் பழகியது, தேகாப்பியாசம் தாமதித்தது. நம்மவர் ஒரு மண்டலம் என்று 48 நாள் விதித்ததை இங்கு நினைவு கூரலாம். சைக்கிளுக்கு ஒரு மண்டலம் போதாது, ஒன்றரை மண்டலமாவது வேண்டுமென்று கொள்வதே விவேகம்.

அச்சோதனையில் எமக்கு மிகவும் ஆறுதலளித்த முடிவு வேறொன்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவதற்குக் குறிப்பிடத்தக்க தடை எதுவும் நேரவில்லை என்பதே அது. நம்மவரில் பலர் கெடுவது இங்கேதான். விரதத்தில் ஒரு பருக்கை வாயிற் பட்டால் விரதமே போயிற்று, இனி விருந்துண்ணலாம் என்கிற நியாயத்தைச் சைக்கிளிலும் கொண்டு வந்து விடுகிறோம். மழையால் ஒரு நாள் நின்றதென்றால், நின்றது ஒரு நாள்தான். மறு நாளும் நிற்பதற்கு மழை காரணமன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தால் எமது பன்னிரண்டாம் நாள் மழை எமக்கு மூன்றாண்டுகளை நஷ்டமாக்கியிராது.

ஆகவே யாம் மறுமுறை தொடங்கியபோது வேறு வழியைக் கையாண்டோம். கியர் வண்டியை உறவினர் பையனுக்குக் கொடுத்து விட்டோம். அவன் ஓட்டுகிறான் என்று கேள்வி. பழைய தினுசில், முழுச் சங்கிலி மூடியும் மட்கார்டும் காரியரும் ஸ்டாண்டும் உள்ள கறுப்பு வண்டியொன்றை வாங்கினோம். வேட்டியோடு ஏறலாம், கறை படியாது. அதை மாடிக்குத் தூக்கவில்லை. வாசற்கதவைத் திறந்தால் காலில் இடறும்படி தாழ்வாரத்தில் நிறுத்தினோம். மோட்டாரின் சாவிதான் இப்போது இரண்டாம் மாடிக்குப் போயிற்று. எல்லாவற்றிலும் முக்கியமாக, காலையில் எங்கும் செல்லாமல் சுற்றி வருவதை விட்டு விட்டு, பத்திரிகைக் காரியாலயத்திற்கே அதில் செல்வதென்று வைத்துக் கொண்டோம். தூரம் ஐந்து கிலோமீட்டர். மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் வீதம் மிதித்தால் இருபது அல்லது இருபத்தைந்து நிமிஷம். காலை நெருக்கடியில் மோட்டார் எடுத்துக் கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதுவே. போக வர, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 200 நிமிஷத்துக்குக் குறையாது. வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அக்கணக்கு, தேகாப்பியாசமென்று தனியே ஒரு வேளை ஒதுக்காமலே தீர்ந்து விடுகிறது. கட்டு வந்து இறங்கினால் பெரியவர் வண்டியேறுவது போல, காரியாலயம் திறக்கிறது, ஆகையால் யாம் ஏறுகிறோம்.

இங்கே சில சிறு விஷயங்களைச் சொல்லாமல் விடலாகாது. உற்சாகம் குன்றுவதற்குப் பெருங்காரணங்களைத் தேடுவோர் சீட்டின் உயரத்தைக் கவனிப்பதில்லை. சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலின் தாழ்ந்த நிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். சீட்டுத் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். நோவெடுத்தவன் தன் சங்கற்பம் பலவீனமென்று தன்னையே நொந்து கொள்கிறான். ஒரு ஸ்பானரால் தீர வேண்டிய குறையை ஆன்ம பரிசோதனையால் தீர்க்கப் பார்க்கிறான். டயரில் காற்றுக் குறைந்தால் மிதிப்பது பாரமாகும், ஆதலின் வாரம் ஒரு முறை காற்றடித்தல் அவசியம். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் மண் ஒட்டி அரைக்கும். பிரேக் கட்டை தேய்ந்ததா, சக்கரம் கோட்டம் கண்டிருக்கிறதா என்று பார்க்கத் தெருக்கோடி மெக்கானிக்குடன் சிநேகம் வைத்துக் கொள்வது நல்லது. வருஷம் ஒரு முறை அவர் ஓவராயில் செய்து கொடுத்தால் வண்டி அடுத்த வருஷம் வரை முனகாது. ஆரம்பத்தில் இருப்பிடம் நோவது சில நாளில் தானே தீரும். வியர்வைக்கு மருந்து, காரியாலயத்தில் ஒரு துண்டும் ஒரு மாற்றுச் சட்டையும். சித்திரை வைகாசியில் வெயில் ஏறுமுன் புறப்பட்டு விட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும் முன்னால் வெள்ளை விளக்கும் இல்லாமல் இருட்டில் ஓட்டுவது தைரியமன்று. விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸார் பிடித்த காலத்தை எண்ணி நம் பெரியோர் இன்றும் சிரிப்பார்கள். மோட்டார்கள் பெருகிய இக்காலத்திலோ அது சிரிக்கும் விஷயமன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டதாகச் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. அவருள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிளோட்டிகள்.

சைக்கிளால் ஆயுள் நீளுமா என்று கேட்பவர்க்கு ஒரு சான்று காட்டலாம். கிளாஸ்கோ சர்வகலாசாலையார் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரைச் சுமார் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேலைக்குச் சைக்கிளிற் சென்றோருக்கு, உழைப்பின்றிச் சென்றோரைக் காட்டிலும் மரண அபாயம் நூற்றுக்கு 41 பங்கு குறைந்திருக்கக் கண்டனர். எதிர்க்கட்சி வக்கீல் உடனே எழுந்து, சைக்கிளோட்டுவோர் முன்னமே திடகாத்திரர்களாயிருக்கலாமல்லவா என்று குறுக்கு விசாரணை செய்வார். நியாயமான கேள்விதான். வயது, புகைப்பழக்கம், நோய் முதலியவற்றுக்குக் கழிவு கொடுத்தே அவர்கள் கணக்கிட்டனர். எனினும் இது சூழ்நிலைச் சாட்சியமே, நேரில் கண்ட சாட்சியமன்று. ஆனால் நாற்பதைக் கடந்த எம்போன்றோர் மேல்முறையீட்டின் முடிவுக்குக் காத்திருக்க இயலாது.

அறிவுரையால் மட்டும் சைக்கிள் ஓடாது, அவசியத்தாலும் மானத்தாலும் ஓடுமென்பதற்கு நம் நாட்டிலேயே புகழ் பெற்ற உதாரணம் புதுக்கோட்டை. 1991ஆம் ஆண்டில் அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் பெண்களுக்குக் கற்பிக்க வேண்டுமென்று முனைந்தவர் அன்று மாவட்டக் கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத். வயலில் உழைப்பவர், கல்லுடைப்பவர், கிராமத் தாதியர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் மாலை வேளைகளில் கூடிக் கற்றனர். பெண்கள் வண்டி போதாமற் போகவே ஆண்கள் வண்டியையே வாங்கினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார்த்தி வைக்கலாமென்பது அதில் அவர்கள் கண்ட ஆதாயம். வண்டி வாங்க வங்கிகள் கடன் கொடுத்தன. 1992 மார்ச் 8ஆம் தேதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளை நிறைத்தனர். பத்திரிகாசிரியர் பி. சாய்நாத் நேரில் சென்று எழுதிய கட்டுரைகளால் இச்செய்தி தேசமெங்கும் பரவிற்று.

அவ்வூர்வலத்துக்கும் யாம் முதலிற் கூறிய பிரமுகர் ஊர்வலத்துக்கும் என்ன வேற்றுமை? மறுநாட்காலையில் அது தெரிந்தது. அப்பெண்களுக்குத் தண்ணீர்க் குடத்தைக் கொண்டு வர வேண்டியிருந்தது, விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது, பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியிருந்தது. எப்போதோ வரும் பஸ்ஸுக்குப் பாதி நாள் நிற்பதும், தகப்பனோ தமையனோ கணவனோ கொண்டு போய் விடுவாரா என்று முகம் பார்த்து நிற்பதும் நின்று போயின. பரிகாசம் செய்த ஆடவர் இல்லாமலில்லை. அதனாலேயே விடாமல் ஓட்டியவரும் உண்டு. தனக்கு விடுதலை தருகிற கருவியை எவரும் தாழ்வாரத்தில் போட்டு மறந்து விடுவதில்லை. நமக்கோ சைக்கிள் தொந்தியைக் குறைக்கும் யந்திரம் மட்டுமே. தொந்தி அவசரப்படுத்துவதில்லை.

இனி, யாரும் வாய்விட்டுக் கூறாத தடையொன்றுண்டு. கௌரவமே அது. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. மோட்டார்க் கார் இருந்த வீடுகள் ஐந்துக்கும் குறைவு. விவசாயிகளும் வீட்டிலேயே தொழில் செய்வோரும் நீங்கலாக ஏனைத் தொழிலாளரில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் வேலைக்குச் சைக்கிளிற் சென்றனர். இவர்களுக்கு உற்சாகம் பற்றிய கேள்வியே எழுந்ததில்லை. கையில் காசு சேர்ந்ததும் இவர்களிற் பலர் முதலில் செய்வது சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிள் வாங்குவதுதான். அதில் நாம் குற்றம் காண நியாயமில்லை. வறுமையின் அடையாளமாக நாம்தானே அதைக் கருதி வந்திருக்கிறோம்? தமிழ்நாட்டுச் சர்க்கார் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவிகளுக்கு இலவசமாகச் சைக்கிள் வழங்கி வருகிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஓட்டப் பழகுகின்றனர். பள்ளியை விட்டதும் அவர்களில் எத்தனை பேர் அதை ஓட்டிக் கொண்டிருக்கின்றனர் என்று நமது வாசகர் தத்தம் தெருவைப் பார்த்தே தெரிந்து கொள்ளலாம். படித்துப் பட்டம் பெற்றவன் மிதிக்கலாகாது என்பது எழுதாத சட்டமாயிருக்கிறது.

எமக்கே நேர்ந்ததைச் சொல்லுகிறோம். ஒரு பொதுக் காரியாலயத்துக்கு வழக்கின் நிமித்தம் பல காலமாகச் சென்று வருகிறோம். மோட்டாரில் சென்ற நாட்களிலெல்லாம் வாயிற் காவலர் விறைத்து நின்று ஸலாம் செய்வார். முதன்முறையாகச் சைக்கிளிற் சென்றபோது அதே காவலர் கையை நீட்டித் தடுத்து, “வண்டியை வெளியில மரத்தடியில போடப்பா” என்றார். கறுப்புக் கோட்டு காரியரில் மடித்துக் கட்டியிருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. எடுத்து அணிந்து கொண்டதும், “ஐயா நீங்களா!” என்று பதறினார். எனினும் வண்டிக்கு உள்ளே இடமில்லையென்பதில் மாற்றமில்லை. உண்மையாகவே இடமில்லை. கார்களுக்குக் கோடு கிழித்து, எண் எழுதி, நிழற்கூரை போட்டிருக்கிறது. சைக்கிளுக்கு ஒரு கம்பிகூட நாட்டவில்லை. அன்று மாலை வண்டியை மரத்தடியினின்றும் எடுத்தபோது, நாளை மோட்டாரிலேயே வந்து விடுவோமே என்ற எண்ணம் எமக்குத் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மழையும் பங்ச்சரும் செய்யாத காரியத்தை அந்த ‘அப்பா’ என்ற ஒரு சொல் செய்து விடும் போலிருந்தது. மரத்தடியில் நிற்கும் மற்ற வண்டிகளின் சொந்தக்காரர்கள் அச்சொல்லை நாள்தோறும் கேட்கிறார்களென்பது நினைவுக்கு வந்த பிறகே மறுநாளும் சைக்கிளிற் சென்றோம்.

தனி மனிதனின் வைராக்கியத்தை மட்டும் நம்பி ஒரு தேசத்தைச் சைக்கிளில் ஏற்ற முடியாது. ஹாலந்து தேசத்தார் பிறவியிலேயே சைக்கிளோட்டிகள் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. யுத்தத்துக்குப் பின் அந்நாட்டிலும் மோட்டார்கள் பெருகின, சைக்கிள்கள் குறைந்தன, பழைய தெருக்கள் மோட்டாருக்காக இடிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் மாண்டவர் சுமார் 3,300 பேர், அவருள் நானூற்றுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘குழந்தைக் கொலையை நிறுத்துக’ என்று ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதிகளை மறித்தனர், ஊர்வலம் சென்றனர், மந்திரிகளை நெருக்கினர். 1973ஆம் ஆண்டு அராபிய தேசங்கள் எண்ணெயை நிறுத்தியபோது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டலாகாதென்று அந்நாட்டுச் சர்க்கார் உத்தரவிட, ஜனங்கள் வெறிச்சோடிய பெருஞ்சாலைகளில் சைக்கிளோட்டினர். பின்னர்த் தனிப் பாதைகள் எழுந்தன. இன்று அங்கு மேற்கொள்ளப்படும் பிரயாணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளிலேதான். ஜனத்தொகையைக் காட்டிலும் சைக்கிள்களின் தொகை அதிகம். அங்கே ஒருவரைப் பிடித்து, நாள்தோறும் ஓட்டும் உற்சாகத்தை எவ்வாறு காப்பாற்றுகிறீர் என்று கேட்டால், கேள்வியே அவருக்கு விளங்காது. குழாயில் தண்ணீர் பிடிக்கும் உற்சாகத்தை எவ்வாறு காப்பாற்றுகிறீர் என்று நம்மைக் கேட்பது போல இருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் நம் நிலை என்ன? நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அன்னிய நாடுகளினின்றும் வாங்குகிறோம். சுதேசி பேசும் நாம், அரை மைலில் உள்ள கடைக்குக் கொத்துமல்லி வாங்கச் செல்லவும் பாரசீக வளைகுடாவின் தயவை நாடுகிறோம். இதற்கு மாறாக, சைக்கிளை இங்கேயே செய்கிறோம். சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. லூதியானா இன்று உலகின் பெரிய சைக்கிள் கேந்திரங்களுள் ஒன்று. இடையே 1951இல் தோன்றி நாடெங்கும் பெயர் பெற்ற அட்லஸ் கம்பெனி, 2020ஆம் ஆண்டு சாஹிபாபாதில் எஞ்சியிருந்த தன் தொழிற்சாலையை நிறுத்தியது. நிறுத்திய நாள் ஜூன் 3. உலக சைக்கிள் தினம்! அன்றும் எங்கேனும் ஒரு பிரமுகர் வாழ்த்துச் செய்தி விடுத்திருப்பாரென்பதில் ஐயமில்லை.

சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் நடந்து செல்வோருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முதலிடம் தரும் கொள்கையொன்றை ஏற்றுக் கொண்டது. காகிதத்தில் அது சிறந்த கொள்கை. தேச ஊழியர்களாகிய நமது வாசகர்கள் கட்சிக் கூட்டங்களில் நிறைவேற்றும் தீர்மானங்களோடு இக்கொள்கை என்னவாயிற்று என்ற கேள்வியையும் தத்தம் வட்டாரப் பிரதிநிதியிடம் கேட்கலாம். கேட்கச் செல்லும்போது சைக்கிளிலேயே சென்றால், அவர் வாசலில் வண்டியை எங்கே நிறுத்துவதென்ற முதற்கேள்வி தானே எழும்.

யாம் மேற்படி பொதுக் காரியாலயத்துக்கு ஒரு மனுக் கொடுத்திருக்கிறோம். நூறு சைக்கிள் நிற்கும்படி கம்பி நாட்டி, மேலே தகரக் கொட்டகை போட வேண்டுமென்றும், அதற்குப் பத்துக் கார்களின் இடமே போதுமென்றும் அதில் அளந்து காட்டியிருக்கிறோம். மரத்தடியில் வண்டி நிறுத்தும் குமாஸ்தாக்களும் சிப்பந்திகளுமாக நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டனர். காவலரும் இட்டிருக்கிறார். அவரும் சைக்கிளிலேதான் வருகிறாராம், ஸலாம் செய்யும் வேலையிருப்பதால் தம் வண்டியை இரண்டு தெரு தள்ளி ஒரு தேநீர்க் கடையில் விட்டு வருகிறாராம். மனு கொடுத்து நாலு மாதமாகிறது. பதில் இன்னும் வரவில்லை. வழக்கமாக நினைவூட்டுக் கடிதத்தைத் தபாலில் அனுப்புவோம். இம்முறை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்தேகால் மணிக்கு, கோட்டை அணிந்தபடியே, நேரிற் சென்று கொடுத்து வருகிறோம்.